கிடாரம் கவர்ந்த இஞ்ஞாசி ராசா

பாரிஸின் லாச்சப்பலில் தடுக்கி விழுந்தால் ஏதாவது ஒரு சங்கத் தலைவரின் காலில்தான் விழவேண்டும். ஊருக்கு ஒரு சங்கம், அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு சங்கம், பள்ளிக்கூடத்தின் விளையாட்டுக் கழகத்துக்கு இன்னொரு சங்கம். எல்லாவற்றுக்கும் தலைவர், உபதலைவர், செயலாளர், பொருளாளர், போசகர். சாதாரண அங்கத்தவர் ஒருவரைக் கண்ணால் காண்பதுதான் கஷ்டம். ரூ பிலிப்-து-ஜிராரில் தையல் கடை வைத்திருப்பவள் நான். தலைவர்மாரின் கோட்டுகளை வருடா வருடம் வயிற்றுப் பக்கம் தளர்த்திக் கொடுப்பது என் கைதான். ஆகவே இந்த விஷயத்தில் என் பேச்சை நம்பலாம்.

பனைமுனை என் புருஷன் பிரின்ஸ்டனின் ஊர். யாழ்ப்பாணக் கடற்கரையில் ஒரு அந்தோனியார் கோவில், ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு, ஒரு தெரு, அவ்வளவுதான் ஊர். அந்த ஒற்றைத் தெருவுக்குப் பாரிஸில் இரண்டு சங்கம். ஒன்று பனைமுனை மக்கள் ஒன்றியம். மற்றது பனைமுனை மக்கள் மறுமலர்ச்சி ஒன்றியம். பிரிந்ததற்குக் காரணம் பெரிய கொள்கை. அந்தோனியார் திருநாள் நோட்டீசில் தலைவரின் படம் அந்தோனியாரின் படத்தைவிடப் பெரிதாக இருந்தது. அதை ஒருவரும் குறை சொல்லவில்லை. உபதலைவர் அலெக்சிஸின் படம் அந்தோனியாரைவிடச் சிறிதாக இருந்தது. அதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

சொத்துப் பிரிப்பில் ஒன்றியத்துக்குக் கிடைத்தது அந்தோனியாரின் சுரூபம். மறுமலர்ச்சிக்குக் கிடைத்தது ஊர்க் கிடாரம். ஒரு ஆள் உள்ளே இறங்கி இருந்து குளிக்கலாம், அத்தனை பெரிய கிடாரம். ஊர்க் கோவில் திருநாளுக்கு முழு ஊருக்கும் அதில்தான் சோறு வெந்தது. இரண்டும் ஒரே கப்பலில் பாரிஸுக்கு வந்தவை. பிரிந்த பிறகு ஒவ்வொரு ஜூன் மாதமும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு திருநாள். ஒன்றியத்தாரிடம் புனிதர் இருந்தார், சாப்பாடு பெட்டிகளில் ஆறிப்போய் வந்தது. மறுமலர்ச்சியில் சோறு ஆவி பறந்தது, புனிதருக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் பதாகை ஒன்று சுருக்கத்தோடு தொங்கியது. இந்துக்களின் பிள்ளையார் ரூ பஜோலிலிருந்து தேரேறிப் பாரிஸையே மறித்துக்கொண்டு போகும்போது, எங்கள் அந்தோனியாரால் ஒரு சாலிலிருந்து, அதாவது வாடகை மண்டபத்திலிருந்து, அடுத்த சாலுக்குப் போக முடியவில்லை.

இந்த இரண்டு ராச்சியங்களுக்கும் நடுவில் அகப்பட்டவர் இஞ்ஞாசி அண்ணை. எங்களைப் போல வில்லியே லே பெல் புறநகரில், எங்கள் தொடர்மாடியிலேயே, எங்களுக்கு மேல் மாடியில் குடியிருப்பவர். காலையில் பஸ் பிடித்து, எர்-எர்-தே ரயில் பிடித்து, கார் து நோர்ட் ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் ஒரு ஐரிஷ் பப்புக்குப் போவார். பாரிஸில் ஐரிஷ் பப் என்றால் முன்னுக்கு நின்று சிரிப்பவர் ஐரிஷ்காரர், பின்னுக்கு நின்று பொரிப்பவர் நம்மவர். இஞ்ஞாசி அண்ணை கோப்பை கழுவுகிறவராகப் போய்ச் சேர்ந்து, உருளைக்கிழங்கு சீவி, மீன் பொரித்து, கடைசியில் குசினிக்கே பொறுப்பாளராகிவிட்டார். நல்ல மனிதர். அதிர்ந்து பேசமாட்டார். எங்கள் ஒன்றியத்தில் பெயருக்கு அங்கத்தவர். சங்கக் கூட்டங்களில் அவரைக் கண்டவர்கள் இல்லை, ஏனென்றால் கூட்டம் நடக்கும் நேரத்திலெல்லாம் அவருக்கு வேலை.

அந்தப் பப்பின் சுவர் முழுக்கப் பழைய அயர்லாந்து ராசாக்கள். தாடியும் ஈட்டியுமாக எவனோ குடித்துவிட்டுக் கீறிய படங்கள். முதலாளி டெக்லனுக்கு வாய் சும்மா கிடக்காது. மத்தியானம் மூன்று மணிக்குப் பிறகு வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் குசினிக்குள் வந்து ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு ராசா கதை சொல்லத் தொடங்குவார். டெக்லனின் பிரெஞ்சு மோசம். இஞ்ஞாசி அண்ணையின் பிரெஞ்சு அதைவிட மோசம். இத்தனை ஓட்டைகளுக்குள்ளாலும் ராசாக்கள் எப்படியோ தப்பி வந்து, ரயிலேறி, எங்கள் தொடர்மாடி வரைக்கும் வந்து சேர்ந்தார்கள்.

"ராணி, உமக்குத் தெரியுமோ? அந்தச் சின்னத் தீவிலை ஒரே நேரத்திலை நூறு ராசாவுக்கு மேலை இருந்தவங்களாம்" என்றார் இஞ்ஞாசி அண்ணை ஒரு நாள், என் கடையில் காற்சட்டை தைக்கக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தபோது.

"நூறு ராசாவோ? அப்ப குடிமக்கள் ஆர்?"

"அதைத்தான் நானும் டெக்லனிட்டைக் கேட்டனான். அவருக்கும் தெரியேல்லை."

நூறு பேருக்கும் மேலே ஒரு பேரரசன் உண்டாம். தாரா என்ற குன்றில் ஒரு கல் இருந்ததாம். உரிமையுள்ள ராசா அதில் கால் வைத்தால் கல் வாய்விட்டுக் கத்துமாம். ஆனால் கல் கத்தியும் பிரயோசனம் இல்லை. அந்தப் பேரரசர்களில் பல பேருக்குச் சரித்திரக்காரர் வைத்த பட்டமே 'எதிர்ப்போடு கூடிய பேரரசன்' என்பதுதானாம். அதைக் கேட்டபோது எனக்கு ஊசி கையில் ஏறிவிட்டது. இத்தனை காலமாக நான் கோட்டுத் தளர்த்திக் கொடுத்த எல்லோருக்கும் பொருத்தமான பட்டத்தை அயர்லாந்தில் ஆயிரம் வருடத்துக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள்.

இப்படிக் கதை கேட்டுக்கொண்டு சும்மா இருந்த மனிதர், தானே ராசாவாகியது ஒரு நேர்த்திக்கடனால்.

அவருடைய மனைவி அற்புதமலர் அக்காவுக்கு நெஞ்சில் வால்வு பழுதாகி, ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் பிளந்து வைத்தியம் செய்தார்கள். மலர் அக்கா எனக்குக் கூடப்பிறக்காத சகோதரி. அவர் உள்ளே கிடந்த அன்று நான் இஞ்ஞாசி அண்ணைக்குப் பக்கத்தில் இருந்தேன். அந்த மனிதர் அழவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரரோடு பேசுவதுபோல மெதுவாக அந்தோனியாரோடு பேசினார். மலரைத் திருப்பித் தந்தால், பனைமுனை முழு ஊருக்கும் ஊர்க் கிடாரத்தில் தன் கையால் சமைத்துச் சோறு போடுவதாக நேர்ந்தார். மலர் அக்கா பிழைத்து வந்தார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது, கிடாரம் எதிரியிடம், முழு ஊர் என்பதோ உலகத்திலேயே இல்லை என்று.

மலர் அக்கா இதை விளையாட்டாக எடுக்கவில்லை. மாடிப்படி ஏறும்போது நெஞ்சு கொஞ்சம் படபடத்தாலும் படியில் குந்திவிடுவார்.

"மனுசன் என்ரை உயிருக்காண்டி நேர்ந்தது ராணி. அது நிக்குது. அது நிக்குமட்டும் எனக்கு நிம்மதியா நித்திரை வராது" என்பார்.

"டொக்டர் எல்லாம் நல்லாயிருக்கு எண்டுதானே சொன்னவர் அக்கா?"

"டொக்டரோ நேர்ந்தது?"

அவருடைய மகள் ஷிரோமி இதைக் கேட்டுத் தலையில் கை வைத்து, பிரெஞ்சில் ஏதோ சொல்லிவிட்டுப் போவாள். எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் பயத்தில் வெளுத்த மலர் அக்காவின் முகத்தைப் பார்த்தால் சிரிப்பு வந்த வழியே திரும்பிப் போய்விடும்.

இஞ்ஞாசி அண்ணை முதலில் சமாதானத்துக்குத்தான் போனார். மறுமலர்ச்சிக்குத் தலைவராகிவிட்ட அலெக்சிஸ் அண்ணையின் பலசரக்குக் கடை என் கடைக்கு அடுத்த கடை. நடுவில் இருப்பது மெல்லிய பலகைச் சுவர். நான் காது கொடுக்கவில்லை, சுவர்தான் கொடுத்தது.

"அலெக்சிஸ், கிடாரத்தைத் தா. நாங்கள் சுரூபத்தைக் கொண்டாறம். ஒரு திருநாள், ஒரு சாப்பாடு. நான் சமைக்கிறன்."

"நல்ல விசயம் அண்ணை. ஆர் தலைவர்?"

"தலைவர் ஏன்? அந்தோனியார் இருக்கிறார்தானே."

"அவர் வரவேற்புரை சொல்லமாட்டார் அண்ணை. அதோடை, நீங்கள் ஆர் இதைக் கதைக்க? தலைவர் வந்து கதைச்சால் தலைவரோடை கதைப்பம்."

அந்தச் சொல் அவரைச் சுட்டுவிட்டது. அதே மாதத்தில் ஒன்றியத்தின் பழைய தலைவர் மகளோடு இருக்கக் கனடாவுக்குப் போனார். புதுத் தலைவர் தெரிவுக்குக் கூடிய கூட்டத்தில் வந்திருந்த அத்தனை பேரும் தலைவராக விரும்பியதால், வராத ஒருவரைத் தெரிவுசெய்வது என்று ஏகமனதாக முடிவாயிற்று. வராதவர் இஞ்ஞாசி அண்ணை. செயலாளர் என் புருஷன் பிரின்ஸ்டன், பப்புக்கே போன் அடித்து இந்தச் செய்தியைச் சொன்னார். அவர் அப்போது மீன் பொரித்துக்கொண்டிருந்தாராம். சரி என்றாராம்.

நேர்த்திக்காகத்தான் அவர் தலைவர் பதவியை ஏற்றார். அதை நான் எந்தக் கோவிலிலும் சத்தியம் பண்ணிச் சொல்வேன். ஆனால் கோட்டு ஒன்று தைத்துப் போட்டதும் மனிதரின் நடையே மாறிவிட்டது. வாசலில் ஒரு கணம் நின்று, எல்லோரும் பார்த்தபிறகு உள்ளே வந்தார். கண்ணாடிக்கு முன்னால் நின்று தோளைச் சரிபண்ணியபடி எனக்குப் பாடம் எடுத்தார்.

"புதுசாப் பட்டத்துக்கு வாற ராசா முதல் வேலையா பக்கத்து ராச்சியத்துக்குப் போய் மாடு கவர்ந்துகொண்டு வரவேணும், ராணி. அது செய்யாதவனை ஒருத்தனும் மதிக்கமாட்டான். அதோடை பணயக் கைதி வேணும். கைதி இல்லாத ராசா ராசாவே இல்லை. எங்களிட்டை அந்தோனியார் இருக்கிறார், அது காணும். மாடுதான் யோசினை."

எனக்குக் கோபம் வந்தது. மேலே மலர் அக்கா நித்திரையில்லாமல் கிடக்கிறார், இவர் இங்கே மாடு தேடுகிறார்.

"லாச்சப்பலிலை மாட்டுக்கு எங்கை அண்ணை போறது? அலெக்சிஸின்ரை நிலவறையிலை கிடாரம்தான் கிடக்கு. போய் அதை ஓட்டிக்கொண்டு வாங்கோ."

பகிடிக்குச் சொன்னேன். மனிதர் கண்ணாடியில் என்னை உற்றுப் பார்த்தார்.

"உம்முடைய நாக்கு கவனம். அங்கை புலவர்மார் வசை பாடினால் ராசாவின்ரை முகத்திலை கொப்புளம் எழும்பிறதாம். முகத்திலை மாசு வந்தால் ராசாப் பதவி போச்சு. ஒரு ராசாவுக்குத் தேனீ கொட்டிக் கண் போனதிலை தாரா அரியணையே போயிட்டுதாம்."

"நான் புலவர் இல்லை அண்ணை. கையை உயத்துங்கோ, அக்குள் பிடிக்குதோ எண்டு பார்ப்பம்."

திருநாளுக்கு முந்திய ஞாயிறு காலை, அலெக்சிஸ் அண்ணையும் அவர் ஆட்களும் பூசையில் முழங்காலில் இருந்த நேரத்தில், இஞ்ஞாசி ராசா படையெடுத்தார். படை என்றால் ராசாவும், என் புருஷனும், இரண்டு செயற்குழு உறுப்பினரும், ஜோன்சனின் வேனும். பாரிஸிலுள்ள எங்கள் ஊராரில் வேன் வைத்திருப்பவர் ஜோன்சன் ஒருவர்தான் என்பதால் அவர் இரண்டு சங்கத்திலும் அங்கத்தவர். கடையில் அப்போது நின்றது கவியரசன். தமிழ்நாட்டிலிருந்து கணினி படிக்க வந்து, ஞாயிறுகளில் கடையில் நிற்கும் பொடியன். நான் என் கடைக் கதவைத் திறந்துகொண்டிருந்தேன், எல்லாவற்றையும் பார்த்தேன்.

"தம்பி, அலெக்சிஸ் சொன்னவர் கிடாரத்தை ஏத்தச் சொல்லி" என்றார் என் புருஷன்.

"கிடாரமா? ஓ, அந்தப் பெரிய அண்டாவா சார்? கீழ இருக்கு. நீங்க விடுங்க, வெயிட்டா இருக்கும், நானே ஒரு பக்கம் புடிக்கிறேன்."

எதிரிநாட்டுக் காவலனே கவர்பொருளைத் தூக்கி வேனில் ஏற்றி, கயிறும் கட்டி, "பாத்துப் போங்க சார்" என்று வழியனுப்பியும் வைத்தான். நம் பழந்தமிழரும் ஆநிரை கவர்ந்தவர்கள்தான். அவர்கள் வெட்சிப்பூச் சூடிப் போனார்கள். இவர்கள் முதுகுப்பட்டி கட்டிக்கொண்டு போனார்கள்.

அன்றைக்கு எங்கள் வீட்டில் வெற்றிவிழா. சிறுமீன் பொரியலும் கதையும். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் கவியரசன் ஒரு அங்குலம் உயர்ந்தான். கடைசியில் அவன் கராத்தே தெரிந்தவனாகிவிட்டான். இஞ்ஞாசி அண்ணை மட்டும் எழும்பிப் போய்க் கிடாரத்தைத் தொட்டுப் பார்த்தார். அதன் விளிம்பில் கையை ஓடவிட்டபடி, "மலர், வந்திட்டுது" என்றார். மலர் அக்கா அதற்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "கிடாரம் வந்திட்டுது, சரி. ஊர் எங்கை?" என்று கேட்டார்.

அலெக்சிஸ் அண்ணை பொலிசுக்குப் போகவில்லை. ஊர்க் கிடாரத்தை ஊரார் எடுத்ததைப் பிரெஞ்சில் விளக்க அவரால் முடியாது. புதன்கிழமை பின்னேரம் என் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. பிரின்ஸ்டன் வேலையில். சுரூபம் எங்கள் வீட்டு விறாந்தை மூலையில்தான் இருந்தது, செயலாளர் வீடு என்பதால். வாசலில் அலெக்சிஸ் அண்ணை, அவர் மனைவி சுஜானி, இன்னும் ஆறேழு பேர், கையில் மெழுகுதிரியும் பூவும்.

"ராணி, திருநாள் கிழமை. அந்தோனியாரைக் கும்பிட வந்தனாங்கள். கும்பிட வந்தவையை மறிக்கமாட்டீர்தானே?"

மறிக்க முடியுமா? நான் தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனேன். பாட்டுப் பாடினார்கள். பாட்டு நல்ல பக்தியாக இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகப் பாட்டு தூரமாகிக்கொண்டு போவதுபோல எனக்குப் பட்டது. தேத்தண்ணித் தட்டோடு வந்து பார்த்தால் அந்தோனியார் வாசற்படியில் நிற்கிறார், நான்கு பேர் தோளில். கத்தத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் அவர் கையில் இருந்த குழந்தை யேசுவின் தலை கதவு நிலையில் இடிபடப் போனது. தட்டைக் கீழே வைத்துவிட்டு நானே கதவை அகலப் பிடித்தேன். வேறென்ன செய்ய?

இதில் இன்னொரு சங்கடம். ஜோன்சனின் வேன் அன்றைக்கு எங்கள் பக்கத்தின் வேலையில் நின்றது. ஆகவே கவர்ந்த புனிதரைப் பஸ்ஸில் ஏற்றி, எர்-எர்-தேயில் ஏற்றி, பாட்டு நிறுத்தாமல் லாச்சப்பலுக்குக் கொண்டுபோனார்கள். ரயிலில் ஒரு ஆபிரிக்க அம்மா சிலுவை போட்டுவிட்டு எழுந்து அந்தோனியாருக்குத் தன் இருக்கையைக் கொடுத்தாராம். பாரிஸ் ரயிலில் எனக்கு ஒருவரும் எழுந்து இடம் தந்ததில்லை.

ஆக, போர் முடிந்த கணக்கு இதுதான். முன்பு புனிதர் இருந்த பக்கத்தில் இப்போது கிடாரம். கிடாரம் இருந்த பக்கத்தில் இப்போது புனிதர். இரண்டு பக்கமும் வெற்றி என்று நோட்டீஸ் அடித்தார்கள். ஒன்றியத்தின் நோட்டீசில் 'பாரம்பரிய ஊர்க் கிடாரத்தில் ஆட்டிறைச்சிப் புரியாணி' என்று கொட்டை எழுத்தில். மறுமலர்ச்சியின் நோட்டீசில் 'புதுமை மிகு திருச்சுரூபத்தின் பிரசன்னத்தில்' என்று. இரண்டிலும் தலைவர் படம் இருந்தது. நான் அளவு நாடா வைத்துப் பார்க்கவில்லை.

திருநாளுக்கு முதல்நாள், பப்பில் பொரிசட்டி எண்ணெய் தெறித்து இஞ்ஞாசி அண்ணையின் வலது கன்னத்தில் மூன்று கொப்புளம். டெக்லன் மருந்து பூசிக்கொண்டே வயிறு குலுங்கச் சிரித்தாராம். மூன்று கொப்புளம் என்பது பழைய அயர்லாந்தில் ராசாவைக் கவிழ்க்கும் கணக்காம். அதோடு ஒரு கஞ்ச ராசாவின் கதையையும் சொன்னாராம். அவன் வீட்டு விருந்துக்குப் போனவர்களின் கத்தியில் நெய் படாதாம். ஒரு புலவன் போனபோது இருட்டறையில் மூன்று காய்ந்த ரொட்டியை வைத்தானாம். புலவன் வசை பாடினான், ராசா பதவி இழந்தான். அயர்லாந்தில் முதன்முதல் பாடப்பட்ட வசை அதுதானாம், அதுவும் சாப்பாட்டு விஷயத்தில்.

இஞ்ஞாசி அண்ணை நேரே என்னிடம் வந்தார். கன்னத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"இப்ப சந்தோசமோ? உம்முடைய நாக்குத்தான்."

"எண்ணெய்ச் சட்டியைக் கேளுங்கோ அண்ணை, என்னை ஏன் கேக்கிறியள்?"

"இந்த முகத்தோடை நான் மேடையிலை இருக்கேலாது. தலைவர் கதிரை வெறுமையா இருக்கட்டும். நான் பின்வளவிலை அடுப்படியிலை நிக்கிறன்."

ஒரு பக்கம் எரிச்சல், ஒரு பக்கம் பாவமாக இருந்தது. ஆயிரம் வருடத்துக்கு முந்திய யாரோ ஒரு ராசாவுக்காக இந்த மனிதர் வெட்கப்படுகிறார். ஆனால் அடுப்படி என்று சொன்னபோது அவர் முகத்தில் இருந்த ஆறுதலையும் பார்த்தேன்.

திருநாளன்று விடியவே கிடாரம் அடுப்பில் ஏறியது. ரூ பஜோல் பக்கத்தில் எடுத்த சால், பின்னால் சிறு வளவு. பாதிக் கிடாரம் போதும் என்றார் பிரின்ஸ்டன். நம் பக்கத்து ஆட்களுக்கு அதுவே அதிகம். இஞ்ஞாசி அண்ணை கேட்கவில்லை. கிடாரத்தை நிரப்பாமல் அடுப்பில் வைப்பது அந்தோனியாரைப் பகிடி பண்ணுவதுபோல என்று சொல்லி முழுக் கிடாரமும் சமைத்தார். வாசம் லாச்சப்பல் மேம்பாலம் வரைக்கும் போனது. அந்தப் பாலத்துக்கு அப்பால் ஒரு கோவிலில்தான் மறுமலர்ச்சியின் பூசை.

பூசை முடிந்தது. சனம் வெளியே வந்தது. அவர்களிடம் புனிதர் இருந்தார், கிடாரம் இல்லை. பூசைக்கு வந்தவர்களுக்கு வழக்கப்படி ஆசீர்வதித்த அந்தோனியார் பாண், ஒரு சின்ன ரொட்டி உருண்டை, கையில் கொடுத்தார்கள், அவ்வளவுதான். சனம் கொஞ்ச நேரம் படியில் நின்றது. பிறகு மூக்கு போன பக்கம் கால் போனது. முதலில் பிள்ளைகளோடு வந்த பெண்கள், பிறகு வயதானவர்கள், பிறகு வெட்கப்பட்டுக்கொண்டு ஆண்கள். பாலத்தைக் கடந்து, எங்கள் சால் வாசலுக்கு வந்து வரிசையாக நின்றார்கள்.

வாசலில் என் புருஷன் இரண்டு கைகளையும் விரித்து நின்றார்.

"அந்தப் பக்கத்து ஆக்களுக்கு இஞ்சை சாப்பாடு இல்லை. பாண் வைச்சிருக்கிற ஆக்கள் தயவுசெய்து திரும்பிப் போங்கோ."

நல்ல யோசனைதான். பாணைக் கொண்டு எதிரியை அடையாளம் காண்பது. ஆனால் வரிசையில் முதலாவதாக நின்றது அவருடைய சொந்தச் சித்தி. கையில் பாண். அவருக்குப் பின்னால் எங்கள் பொருளாளரின் மனைவி, கையில் பாண். எங்கள் போசகர், கைக்குட்டைக்குள் பாண். காலையில் எங்கள் பக்கத்து ஆட்களில் பாதிப் பேர் களவாகப் பாலம் கடந்து அந்தோனியாரைக் கும்பிட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். வரிசையின் நடுவில் மலர் அக்கா நின்றார். ராசாவின் மனைவி. அவர் பாணை ஒளிக்கவில்லை. இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார்.

பிரின்ஸ்டன் வளவுக்கு ஓடினார். நானும் பின்னால் போனேன்.

"அண்ணை, அவங்கள் எல்லாரும் வந்து நிக்கிறாங்கள். அலெக்சிஸும் நிக்கிறான்! நீங்கள் தலைவர். வந்து ஒரு சொல்லுச் சொல்லுங்கோ, கலைஞ்சு போவாங்கள்."

இஞ்ஞாசி அண்ணை அகப்பையோடு வாசலுக்கு வந்து வரிசையைப் பார்த்தார். வரிசை தெரு முனையில் திரும்பி மறைந்தது. அவர் வாய் அசைந்தது. எண்ணுகிறார் என்று முதலில் நினைத்தேன். எண்ணவில்லை, பெயர் சொல்கிறார். கிறிஸ்தோப்பர், அவன்ரை தாய், சுஜானி, கடற்கரை வீட்டுச் சனம், சந்தி வீட்டுச் சனம். ஒரு தெருவின் வீடுகளை ஒழுங்கு தப்பாமல் சொல்லிக்கொண்டு போனார். கோட்டு இல்லை, கன்னத்தில் பஞ்சு, புகையில் கண் சிவந்திருந்தது.

"பிரின்ஸ்டன், கதவை விடும்."

"அண்ணை, சங்கத்தின்ரை யாப்பு விதிப்படி..."

"கையிலை காஞ்ச பாணோடை வந்து நிக்கிற சனத்தைத் திருப்பி அனுப்பின ராசாவுக்கு என்ன நடந்தது எண்டு எனக்குத் தெரியும். உமக்குத் தெரியாது. விடும்."

என் புருஷன் விட்டார். விடாமல் என்ன செய்ய? வரிசையின் முன்னால் நின்ற சித்தி அதற்குள் அவரை இடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இஞ்ஞாசி அண்ணை ஒவ்வொரு சோற்றுக் கோப்பைக்கும் தன் கையாலேயே அள்ளிப் போட்டார். வேறு ஒருவரையும் அகப்பையைத் தொட விடவில்லை. அலெக்சிஸ் அண்ணையின் முறை வந்தது. அவர் கோப்பையை நீட்டவில்லை. பாதி நீட்டினார்.

"அண்ணை, இது எங்கட கிடாரம்" என்றார்.

"ஓம். அதுதான் கூப்பிடாமலே உன்னைத் தேடிப் பிடிச்சுக்கொண்டு வந்திருக்கு. கோப்பையைச் சரியாப் பிடி, ஊத்துப்படப் போகுது."

நல்ல எலும்பில்லாத் துண்டாகப் பார்த்துப் போட்டார். அலெக்சிஸ் அண்ணை குனிந்த தலையோடு போய் ஒரு மூலையில் இருந்து தின்றார். இரண்டாம் தரமும் வந்தார்.

சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்தது. சிரிக்கத்தான் நான் போயிருந்தேன். ஒரு தெருச் சனம் முழுக்க ஒரே வளவுக்குள் ஒரே சோற்றைத் தின்பதை நான் கலியாணம் கட்டிய நாளிலிருந்து கண்டதில்லை. ஏதோ ஒரு சங்கம் சாதித்தது இல்லை இது. இரண்டு சங்கமும் ஒன்றையொன்று களவெடுத்ததால் தற்செயலாக நடந்தது.

சந்தோஷம் மத்தியானம் வரைக்கும்தான். சாப்பாடு செமித்ததும் கொள்கை எழும்பிவிட்டது. எங்கள் செயற்குழு மேடையிலேயே அவசரக் கூட்டம் போட்டது. எதிரணிக்கு உணவளித்த குற்றத்துக்காகத் தலைவர் நீக்கப்பட்டார். தீர்மானத்தை முன்மொழிந்தவர் என் புருஷன். வழிமொழிந்தவர் கைக்குட்டைப் போசகர். பாலத்துக்கு அப்பால் மறுமலர்ச்சியும் கூடி, எதிரியின் சோற்றை இரண்டு தரம் தின்ற குற்றத்துக்காக அலெக்சிஸ் அண்ணையை நீக்கியது. நீக்கத்தை எதிர்த்து ஒவ்வொரு பக்கமும் இரண்டாக உடைந்ததில், இன்றைக்குப் பனைமுனைக்குப் பாரிஸில் நான்கு சங்கம். அன்று மாலை என் புருஷனின் கோட்டைத் தூக்கித் தொங்கவிட்டபோது பையிலிருந்து பாண் துகள் கொட்டியது. ஒரு கிழமை முழுக்க அவருக்குச் சாப்பாடு வைக்கும்போதெல்லாம், கோப்பையின் ஓரத்தில் ஒரு காய்ந்த பாண் துண்டையும் வைத்தேன்.

பிரையன் போரு என்று ஒரு பேரரசர் இருந்தாராம், அயர்லாந்து முழுவதையும் கைக்குள் கொண்டுவந்தவர். ஒரு பெரிய வெள்ளிக்கிழமையில் அவருடைய படை பெரிய போரை வென்றதாம். வயதாகிவிட்டதால் அவர் பின்னால் கூடாரத்தில் முழங்காலில் இருந்து செபம் சொல்லிக்கொண்டிருந்தபோது, தோற்று ஓடிய எவனோ ஒருவன் உள்ளே நுழைந்து வெட்டிவிட்டுப் போனானாம். வென்ற செய்தி அவருக்கு எட்டியதோ இல்லையோ என்று டெக்லனுக்குத் தெரியாதாம்.

இஞ்ஞாசி அண்ணையை நீக்கியதை அவருக்குச் சொல்ல ஒருவருக்கும் துணிவில்லை. கூட்டம் முடிந்த கையோடு நான்தான் வளவுக்குப் போனேன். கிடாரத்தைச் சரித்துப் போட்டு, இடுப்பு வரைக்கும் உள்ளே புகுந்து அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். வெளியே கால்கள் மட்டும் தெரிந்தன. பக்கத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு மலர் அக்கா இருந்தார், மடியில் சோற்றுக் கோப்பை. நேர்ந்தவரின் வீட்டார் கடைசியாகத்தான் சாப்பிடவேண்டும். அடியில் சுரண்டிய கடைசிச் சோற்றை, பாணைப் பிய்த்துத் தொட்டுக்கொண்டு, ஆறுதலாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணை" என்றேன்.

"ஆர், ராணியோ?" கிடாரத்துக்குள்ளிருந்து குரல் முழங்கி வந்தது. "முன்னுக்குச் சத்தமாக் கிடக்கு. என்ன, ஆருக்கும் சோறு பத்தாமல் போயிட்டுதோ?"

"இல்லை அண்ணை. எல்லாரும் சாப்பிட்டிட்டினம்."

"ஊர் முழுக்கவோ?"

"ஊர் முழுக்க."

சுரண்டும் சத்தம் ஒரு கணம் நின்றது. பிறகு திரும்பத் தொடங்கியது. மலர் அக்கா கோப்பையை வழித்து வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து, அந்த வாளியில் இருந்தபடியே நிம்மதியாக நித்திரையாகிப் போனார்.